புரட்டிப் போடாத பாதி

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. சந்தோஷம் வந்தால் மட்டும் குரல் கூரையைத் தொடும்.

“பிலோ மிஸ், புது மென்பொருள் வந்திருக்கு. எலும்பு உடைஞ்சிருந்தாலும் கோணியிருந்தாலும் இனி நாங்க மண்டையை உடைக்கத் தேவையில்ல. ஒரு பட்டனை அமத்தினாச் சரி. நல்ல பக்கத்தைப் பாத்து மற்றப் பக்கத்தைத் தானே போட்டுத் தருது. நீங்க இருந்த காலத்தில இது இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க!”

“நான் கஷ்டப்பட்டதே அதை அமத்தாம இருக்கத்தான்,” என்றேன்.

சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று விளங்கியதும், “அப்ப எழுதித் தாங்க மிஸ், நாங்க எல்லாரும் வாசிக்கிறம்” என்றாள். எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பட்டனை என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுங்கள்.

என் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனையில் பிறந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். மூன்று வயதில் போலியோ வந்து இடது காலை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்பது மற்றவர்கள் சொன்னது. கால் எங்கேயும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறது. மெலிந்து, கட்டையாகி, காலிப்பர் என்ற இரும்புச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது. மிச்ச வேலையை வலது கால் பார்க்கிறது. இதற்காக நான் அழுதது குறைவு, சண்டை பிடித்ததுதான் அதிகம்.

தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று எங்களைப் படம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். ஸ்டூடியோக்காரர் ஒரு பெரிய பூச்சாடியைத் தூக்கிவந்து என் இடது பக்கத்தை மறைத்து வைத்தார். “இப்பதான் பிள்ளை வடிவா இருக்கு” என்றார். அவர் கமெராவுக்குப் பின்னால் போகும்வரை பொறுத்திருந்து, காலிப்பர் இரும்பாலேயே சாடியைத் தட்டிவிட்டேன். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, தலையில் முக்காடு, கையில் மெழுகுதிரி, காலடியில் உடைந்த சாடி. அம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை. நான் மாட்டியிருக்கிறேன்.

பொறியியல் படித்தேன். படித்த கதையைச் சொல்ல ஒன்றுமில்லை, படிகள் அதிகம், அவ்வளவுதான். துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் ஒரு நிறுவனத்தின் வரைபடக் கந்தோரில் வேலைக்குப் போனேன். நேர்முகத்தில் ஒருவர், “இவங்க கப்பல்ல எப்படி ஏறுவாங்க?” என்று என்னிடம் கேட்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். “கப்பலை மேசைக்குக் கொண்டு வாங்க, நான் ஏறுறன்” என்றேன். வேலை கிடைத்தது. உண்மையில் நான் செய்ததும் அதைத்தான்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைக் கணினிக்குள் கொண்டுவந்து, அதை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு கட்டியும் பக்கத்துக் கட்டியை எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் பார்ப்பது. முழுப் பொருளுக்கும் ஒரேயடியாகக் கணக்குப் பார்க்க எந்தக் கொம்பனாலும் முடியாது. துண்டு துண்டாக என்றால் கணினி முடித்துத் தரும். பாடப்புத்தகத்தில் இதற்கு முடிவுறு கூறு முறை என்று பெயர். நாங்கள் மெஷ் போடுவது என்போம். கடைசியில் ஒரு நிறப்படம் வரும். சுமை குறைந்த இடம் நீலம், நடுத்தரம் பச்சை, உடையப் போகிற இடம் சிவப்பு.

கப்பலில் எல்லாரும் சிவப்பைத் தேடுவார்கள். எங்கள் கந்தோரில் மட்டும் நீலத்தையும் தேடச் சொல்வார்கள். ஒரு இடம் முழுக்க நீலமாக இருந்தால் அங்கே யாரோ தேவையில்லாமல் இரும்பைக் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் கொட்டினார்கள் என்று கேட்காமல் வரைபடத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

எலும்புக்கு நான் வந்தது பேராசிரியர் குலநாயகத்தால். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், வெள்ளவத்தையில் வீடு. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளைப் படிக்கிறவர். ஒரு கருத்தரங்கில் நான் கப்பலின் வளைந்த இரும்புச் சட்டங்களைப் பற்றிக் கதைத்ததைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தார். “இரும்புக்குச் செய்யிறதை எலும்புக்குச் செய்யேலாதோ?” என்றார். செய்யலாம் என்றேன். ஒரு விலங்கு எதைத் தின்றது, எவ்வளவு பலமாகக் கடித்தது, அந்தத் தாடை தலைமுறை தலைமுறையாக ஏன் அப்படி மாறி வந்தது என்று எலும்பிடமே கேட்கலாம் என்றார். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. கப்பலை விட்டுவிட்டு வருட ஒப்பந்தத்தில் அவரிடம் சேர்ந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. உடம்பில் வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க். சத்தம் போட்டு யாரையும் பேசமாட்டார். உங்கள் கோரிக்கை எதையாவது அவர் மறுக்கப் போகிறார் என்றால், பிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி, அதில் பாதிக்குத் தேத்தண்ணி ஊற்றி, உங்கள் பக்கம் நகர்த்துவார். “குடியுங்கோ” என்பார். மூடி வந்தால் முடிந்தது. லீவு கேட்டுப் போனவர்கள், காசு கேட்டுப் போனவர்கள், எல்லாருக்கும் அந்தப் பாதி மூடிதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், “சேர் எவ்வளவு அன்பானவர், எனக்குத் தேத்தண்ணி தந்தார்” என்று வெளியே வந்து சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

மனுஷனுக்கு அறிவு அபாரம். ஒரு பல்லைக் கையில் கொடுத்தால் அந்த விலங்கின் சாப்பாட்டு மேசையையே விவரிப்பார். ஆனால் கொழும்பு முழுக்கத் தேடினாலும் அவரைப் போல ஒரு சுத்த சைவத்தைக் காணமுடியாது. எங்கள் முதல் பெரிய வேலையோ பன்றி.

கணினி சொல்வது சரியா என்று பார்க்க உண்மையான எலும்பு ஒன்று வேண்டும். பன்றித் தாடைக்கு மெஷ் போட்டால், உண்மையான பன்றித் தாடையிலும் சுமையை ஏற்றிப் பார்க்கவேண்டும். எலும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்க, முத்திரையிலும் சின்னதான ஒரு தகட்டை அதில் ஒட்டுவோம். ஒட்டுமுன் இறைச்சியை எடுத்து, எலும்பைத் துடைத்து, அரத்தாளால் உரசி, மறுபடி துடைக்கவேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் தகடு பொய் சொல்லும். பன்றி எண்ணெயோ இலேசில் போகாது. தலைகளை நான்தான் கொட்டாஞ்சேனைப் பன்றி இறைச்சிக் கடையில் வாங்கிப் போவேன். கடைக்கார அந்தோனி அண்ணன் ஒவ்வொரு தடவையும் சத்தமாகக் கேட்பார்.

“மிஸ், இந்தக் கிழமையும் தலை மட்டுமா? உடம்பு யாருக்கு?”

“உடம்பை நீங்களே வச்சுக்கொள்ளுங்க அண்ணன். எனக்கு வாய்தான் தேவை.”

“அது உங்களிட்டத் தேவைக்கு மேல இருக்கே!”

தலையை ஓட்டோவில் வைத்துக் கொண்டு போய் ஆய்வுகூடத்தில் அவித்தால், பேலியகொடை மீன் சந்தையைத் தூக்கிவந்து மூன்றாம் மாடியில் வைத்த மாதிரி இருக்கும். பேராசிரியர் வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். உள்ளே வரமாட்டார், ஆனால் இலக்கங்களைக் கேட்காமல் போகவும் மாட்டார். கணினியின் இலக்கமும் தகட்டின் இலக்கமும் பொருந்திய அன்று வாசலில் நின்றபடியே கை தட்டினார். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடவேண்டும்.

அந்த நேரத்தில்தான் மாணிக்கக் குழி ஒன்றில் ஒரு தாடை கிடைத்தது. மிகப் பழைய காலத்துப் பன்றி ஒன்றின் கீழ்த்தாடை, கல்லாகிப்போனது. இடது பாதி முழுசாக இருந்தது. நம்முடைய காட்டுப் பன்றியைவிட நன்றாகத் தடித்த எலும்பு. வலது பாதி உள்பக்கமாக நெளிந்து, நடுவில் ஒரு புடைப்போடு இருந்தது. பேராசிரியர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தபோது முகத்தில் திருவிழா.

“மண்ணுக்குள்ள இருந்து நெளிஞ்சு போச்சு. பறவாயில்லை, ஒரு பக்கம் வடிவாக் கிடக்கு. புரட்டிப் போடுங்கோ.”

புரட்டிப் போடுவது எங்கள் தொழிலில் தினசரி நடக்கும் காரியம். விலங்கின் வலமும் இடமும் ஒன்றுதானே என்று, நல்ல பாதியை ஸ்கேன் பண்ணி, கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி, மறுபாதியாக ஒட்டிவிடுவது. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மண்ணின் பாரத்தில் எலும்பு நசிவதும் உண்மைதான். அதனால் நானும் புரட்டிப் போட்டேன். தசைகளின் இழுவையைக் கொடுத்து, மூட்டைப் பிடித்து, பல்லுக்குக் கீழே ஒரு கொட்டையை வைத்துக் கடிக்க விட்டேன்.

முழுத் தாடையும் நீலம்.

பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. என்ன கொடுத்தாலும் உடைக்கக்கூடிய தாடை, கடினமான கொட்டைகளை உடைத்துத் தின்னவென்றே தனியாகப் பரிணமித்த ஒரு பன்றி, இதுவரை யாரும் அறியாத ஒரு புது இனம் என்றார். பெயர்கூட யோசித்து வைத்திருந்தார். பிரிவின் கருத்தரங்கில் அறிவிப்பது என்றும், அதன் பிறகு வெளிநாட்டு ஆய்விதழுக்கு எழுதி அனுப்புவது என்றும் முடிவாயிற்று.

எனக்கு அந்த நீலம் பொறுக்கவில்லை. இரும்பைத் தேவையில்லாமல் கொட்டுகிற முட்டாள் மனிதன். எலும்பு அப்படி இல்லை. எலும்பு பாரம் வருகிற இடத்தில் தடிக்கும், வராத இடத்தில் கரையும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. இந்தப் பன்றி எதற்காக இவ்வளவு எலும்பைச் சுமந்தது?

ஒதுக்கி வைத்த வலது பாதியை எடுத்தேன். ஸ்கேன் படங்களை ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தேன். புடைப்புக்குள்ளே ஒரு பழைய முறிவுக் கோடு. அதைச் சுற்றி உயிருள்ள எலும்பு மட்டும் போடக்கூடிய புது எலும்பு, படை படையாக. மண் எலும்பை நசிக்கும், ஆனால் தைத்துக் கொடுக்காது. பிறகு பற்களைப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. வலப்பக்கத்துப் பற்கள் நேற்று முளைத்த மாதிரிக் கூராக இருந்தன.

அந்தப் பன்றிக்கு உயிரோடு இருக்கும்போதே வலது தாடை முறிந்திருக்கிறது. கோணலாகப் பொருந்தி ஆறியிருக்கிறது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அது இடது பக்கத்தால் மட்டுமே மென்றிருக்கிறது. இரண்டு பக்கத்து வேலையையும் ஒரு பக்கம் பார்த்தபடியால் அந்தப் பக்கம் தடித்திருக்கிறது. இரண்டு பாதியையும் உள்ளபடியே வைத்து மறுபடி மெஷ் போட்டு, இடப்பக்கத்தால் கடிக்க விட்டேன். இடது பாதி அளவான பச்சை. ஒரு துண்டு எலும்பும் வீணில்லை.

புது இனமும் இல்லை, கொட்டை உடைக்கும் பரிணாமமும் இல்லை. சாதாரணப் பன்றி. சாகமாட்டேன் என்று நின்ற பன்றி.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். படங்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு பிளாஸ்க்கின் மூடியைக் கழற்றினார்.

“வேண்டாம் சேர். எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்.”

“குடியுங்கோ, பிலோமினா.” பாதி மூடி என் பக்கம் வந்தது. “நீங்கள் சொல்லுறது ஒரு மிருகத்துக்கு நடந்த விபத்து. நான் எழுதுறது ஒரு இனத்தின்ர கதை. முறிஞ்ச பக்கத்தை விட்டுட்டு ஆரோக்கியமான பக்கத்தைத்தானே எடுக்கிறம்?”

“அந்த ஆரோக்கியமான பக்கம் தடிச்சதே முறிஞ்ச பக்கத்தாலதான் சேர். ஒண்ட விட்டுட்டு ஒண்ட எடுக்க ஏலாது.”

“கொஞ்சம் தடிச்சிருக்கலாம். இவ்வளவு தடிக்குமெண்டு எப்பிடிச் சொல்லுறியள்? பிறவியிலயே தடிச்ச இனமாயும் இருக்கலாமே.”

“உங்களிட்ட இருக்கிறது ஒரு பண்டிதானே சேர். ஒரு பண்டிய வச்சு எப்படி இனம் எண்டு சொல்லுவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான். “எல்லாரும் செய்யிற முறையைத்தான் நான் கேக்கிறன். கோணலை வச்சுக்கொண்டு ஒரு கணக்கும் பார்க்கேலாது. அது பிழை. பிழையை எடுத்துப்போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறது.”

அவர் என் காலைச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கோபத்துக்கு அது தெரியாது. மேசைக்குக் கீழே என் இடது கால் இருந்தது. பூச்சாடி ஞாபகம் வந்தது.

“நான் புரட்டித் தரமாட்டன்,” என்றேன்.

“நீங்கள் தராட்டி வேற ஆள் தரும். உங்கட ஒப்பந்தமும் இந்த வருஷத்தோட முடியுது.” மிரட்டலாகச் சொல்லவில்லை, நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் இன்னும் கொதித்தது.

“சரி. கருத்தரங்கில எனக்குக் கொஞ்ச நேரம் கதைக்கத் தாங்க. கதைச்சு முடிய, நீங்க அப்பவும் புரட்டச் சொன்னா நானே புரட்டித் தாறன். ஒப்பந்தமும் வேண்டாம், வீட்ட போறன்.”

யோசித்தார். நியாயமான மனுஷன், ஒத்துக்கொண்டார். நான் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தேன். அந்த அறையில் மூடியைத் தொடாமல் வந்த முதல் ஆள் நான் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. அம்மா அப்போது படுக்கையில். மருந்து, கவனிக்க வருகிற பெண், வீட்டு வாடகை எல்லாம் என் தலையில். இந்த வயதில், இந்தக் காலோடு, எலும்புக்கு மெஷ் போடத் தெரியும் என்று எங்கே போய் வேலை கேட்பது? பஸ்ஸில் வரும்போது புரட்டிக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்றும் ஒரு தரம் யோசித்தேன். யாருக்கு நஷ்டம்? பன்றி வந்து கேட்கப் போவதில்லை. கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பின்னால் நின்றவர், “பாவம், மெதுவா இறங்குங்க” என்று கையைப் பிடித்தார். கையை இழுத்துக்கொண்டேன். பாவமாம்! இந்தக் காலோடு நான் ஏறி இறங்காத பஸ் இந்த ஊரில் இல்லை. யோசனை அத்தோடு முடிந்தது.

எவ்வளவு தடிக்கும் என்று எப்படிச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டாரே, அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மூன்று வயதிலிருந்து அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் காலைப் பார்க்கிற எலும்பு டொக்டரிடம் போய், இரண்டு தொடைக்கும் சி.ரி. ஸ்கேன் வேண்டும் என்றேன்.

“என்ன, நோகுதா?”

“இல்ல டொக்டர். ஒரு பண்டிக்காக.”

கதையைக் கேட்டார். வலது இடுப்பு தேயத் தொடங்கியிருக்கிறது, எப்படியும் ஒரு படம் எடுக்கத்தான் இருந்தது என்று எழுதித் தந்தார். ஸ்கேன் இயந்திரத்தில் படுத்ததும் அதை இயக்குகிற பையன், “மிஸ், ஹெல்லென்ன எப்பா” என்று சிங்களத்தில் சொன்னான். அசையவேண்டாமாம். நான் அசைகிற ஆள் இல்லை தம்பி என்று மனதுக்குள் சொன்னேன்.

கருத்தரங்கு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. விரிவுரையாளர்கள், மாணவர்கள், வேறு பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். எலும்பு டொக்டரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் தாடையைப் பற்றி அழகாகப் பேசினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் முன்னதாகவே வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழும்பவில்லை.

திரையில் இரண்டு எலும்புகளைப் போட்டேன். முனைகளை வெட்டிவிட்டு, நடுத்தண்டு மட்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல், ஒரே பாரம். ஒன்று தடித்த சுவர், பெரும்பாலும் நீலம். மற்றது மெலிந்த குழல், மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

“தாடையைப் பற்றிப் பிறகு கதைக்கிறன். முதல்ல இதைச் சொல்லுங்க. இது ரெண்டும் ஒரே இனமா, வேற வேற இனமா?”

வெளிநாட்டில் படித்து வந்த ஒரு இளம் விரிவுரையாளர் முந்திக்கொண்டார். “கட்டாயம் வேற வேற. சுவர்த் தடிப்பைப் பாருங்க.” ஒரு மாணவி, “ஒண்டு பெரிசு, மற்றது அதின்ர குட்டியா இருக்கலாம்” என்றாள். இன்னொருவர் ஆண், பெண் வித்தியாசம் என்றார். பின்வரிசையில் டொக்டர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

“சேர், நீங்க?” என்றேன்.

பேராசிரியர் எழுந்து திரைக்குக் கிட்ட வந்து, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அவசரப்படவில்லை. “இனம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இது ரெண்டும் ஒரே வாழ்க்கை வாழ்ந்த மிருகங்கள் இல்லை. ஒண்டு பாரம் சுமந்திருக்கு. மற்றது சுமக்கேல்லை.”

சொன்னேனே, அறிவு அபாரம் என்று.

“சரி சேர். ஆனா மிருகங்கள் இல்ல. மிருகம், ஒண்டுதான்.”

எழும்பினேன். தடியை ஊன்றி மேசையைச் சுற்றி முன்னால் வந்தேன். நான் நடக்கும்போது காலிப்பர் கிளிக் கிளிக் என்று சத்தம் போடும். அன்றைக்கு அது கடைசி வரிசைவரை கேட்டது. சீலையை முழங்கால்வரை உயர்த்தினேன். தடியால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“அந்த மிருகம் இதுதான். சிவப்பு இந்தக் கால். நீலம் அந்தக் கால். ஒரே அம்மாவுக்கு, ஒரே நாளில, ஒரே அளவாப் பிறந்த ரெண்டு எலும்பு. எவ்வளவு தடிக்கும் எண்டு கேட்டீங்களே சேர், இவ்வளவு தடிக்கும்.”

நான் நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் முடியுமா?

“இப்ப உங்கட முறைப்படி இடது பக்கத்தைப் பிழை எண்டு எடுத்து எறியுங்க. வலது பக்கத்தைப் புரட்டிப் போடுங்க. ரெண்டு காலும் தூண் மாதிரி, ஓட்டப் பந்தயம் ஓடக்கூடிய ஒரு பொம்பிளை கிடைப்பாள். நல்ல வடிவா இருப்பாள். ஆனா அப்படி ஒருத்தி கொட்டாஞ்சேனையில எந்தக் காலத்திலயும் இருந்ததில்ல. அவளுக்கு நீங்க பெயரும் வச்சு, புது இனம் எண்டு எழுதுவீங்க. இருந்தவள் நான். எனக்கு இடமில்ல.”

கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவில்லை. கோபத்தில் வந்த கண்ணீர்தான், ஆனால் கண்ணீர் கண்ணீர்தானே.

பேராசிரியர் மெதுவாகத் தன் இடத்துக்குப் போனார். பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைக் கழற்றினார். இவ்வளவுக்குப் பிறகும் பாதி மூடியா? ஊற்றினார். பாதியில் நிறுத்தவில்லை, விளிம்புவரை ஊற்றினார். முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் தானே குடித்து முடித்தார்.

“கோணல் பாதியை வையுங்கோ,” என்றார். “ரெண்டையும் வச்சுத்தான் எழுதுறம்.”

புது இனம் கைவிடப்பட்டது. முறிந்து ஆறிய தாடையோடு ஒரு விலங்கு எப்படி உயிர் வாழ்ந்தது என்று இரண்டு பேர் பெயரும் போட்டு எழுதினோம். அவர் கனவு கண்ட புகழ் அதில் கிடைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். கிழமைக்கணக்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், “சீலையை உயர்த்தத்தான் வேணுமோ, சொல்லியிருக்கலாமே” என்றார். “சொன்னனான் சேர். தேத்தண்ணி தந்தீங்க” என்றேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் நிறையச் சண்டை பிடித்தோம்.

ஒரு சண்டை இன்னும் முடியவில்லை. தாடையைக் காட்சிக்கு வைத்தபோது, பெயர்ப்பலகையில் ‘நோயுற்ற தாடை’ என்று எழுதினார். நோய் எங்கே? முறிந்தது, ஆறிவிட்டது, அந்த விலங்கு அதற்குப் பிறகு தின்று கொழுத்து வாழ்ந்திருக்கிறது. ‘ஆறிய தாடை’ என்று போடுங்கள் என்றேன். மூடி வந்தது. அவர் இப்போது வெள்ளவத்தையில் ஓய்வாக இருக்கிறார். இதை வாசித்தால் தொலைபேசியில் கூப்பிடுவார். கூப்பிடட்டும். ஆறிய தாடைதான்.

தர்ஷினி, இனி உனக்கு. உன் பட்டன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மண் நசித்த எலும்பும் இருக்கிறது, அதற்கு அது உதவும். ஆனால் எது மண் செய்தது, எது வாழ்க்கை செய்தது என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வடிவான பக்கம் எது என்பது மட்டும்தான். அந்த ஸ்டூடியோக்காரருக்கும் அது தெரிந்திருந்தது.

ஆய்வுகூடக் கணினியில் என் இரண்டு காலும் இன்னும் இருக்கின்றன. பிலோமினா என்று தேடினால் வரும். எந்த எலும்பிலும் கை வைக்க முன் அந்தப் பட்டனை முதலில் அதில் அமத்திப் பார். எந்தக் காலை வைத்துக்கொண்டு எந்தக் காலை அழிக்கிறது என்று நன்றாகப் பார். பிறகு கொட்டாஞ்சேனைக்கு வா. கதவைத் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்து நில். உள்ளேயிருந்து கிளிக் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். அது அந்த அழிந்த கால்தான், கதவைத் திறக்க வருகிறது.